அக்குபங்சர் இறுதித் தேர்வுப் பதற்றம்: எட்டு வாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

நன்றாகப் படித்தவர்கள் அக்குபங்சர் இறுதித் தேர்வில் தடுமாறி நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எழுத்துத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். செய்முறைத் தேர்வில் "வயிறு 36ஐக் காட்டுங்கம்மா" (வயிற்று நாளம் எனும் ஆற்றல் பாதையில் 36ஆம் புள்ளி, காலில் இருப்பது) என்று தேர்வாளர் சொன்னதும், எதிரே படுத்திருப்பவரின் காலைப் பார்த்தபடி உறைந்துவிடுகிறார். புத்தகத்துப் படத்தில் கால் வழவழப்பாக இருந்தது, எலும்பு கோடு போட்டதுபோல் தெரிந்தது. இந்தக் காலிலோ சதை மூடியிருக்கிறது, முட்டிச் சில்லு எங்கே முடிகிறது என்றே புரியவில்லை.

இது விரல்களுக்கு வைக்கப்படும் தேர்வு. நாமோ கண்ணால் மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். அந்தக் குறை நம் மனத்துக்கு உள்ளூரத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருவதும், வகுப்புத் தோழி ஏதாவது ஒரு புள்ளியின் பெயரைச் சொன்னால்கூட வயிற்றைக் கலக்குவதும் பெரும்பாலும் அதனால்தான். பாடத்தின் அளவு அச்சத்துக்கு இரண்டாவது காரணமே. ஆகவே இந்த வழிகாட்டியில் மூச்சுப்பயிற்சியைவிடப் படிக்கும் முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படிக்கும் முறை சரியானால் பதற்றத்தில் பாதி தானே இறங்கிவிடும்.

சென்னையில் இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பலர் பள்ளி, கல்லூரியை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்கு வரும் அம்மாக்கள் என்று வார இறுதி வகுப்புகளில் எல்லோரும் இருப்பார்கள். "இந்த வயதில் பெயிலானால் வீட்டில் என்ன நினைப்பார்கள்" என்ற கூச்சம் இளைஞர்களைவிட இவர்களுக்கே அதிகம். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இளையவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: தேர்வைப் பற்றிய விவரங்களை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்

அச்சத்தில் பாதி, எதை எதிர்கொள்ளப் போகிறோம் என்று தெரியாததால் வருவது. எட்டு வாரங்களுக்கு முன்பே பயிற்சி மையத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். செய்முறையில் எத்தனை புள்ளிகள் கேட்பார்கள்? ஊசி போட்டுக் காட்ட வேண்டுமா, தொட்டுக் காட்டினால் போதுமா? யார் உடம்பில் காட்ட வேண்டும்? நாடி பார்க்கச் சொல்வார்களா? வாய்மொழித் தேர்வு எவ்வளவு நேரம்? தேர்வாளர் வெளியிலிருந்து வருகிறாரா? கேட்பதற்குத் தயங்கவே தயங்காதீர்கள்.

இவற்றோடு இன்னொரு கேள்வி மிக முக்கியம்: புள்ளியின் இடத்துக்கு எந்த நூலைப் பின்பற்றுகிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் மண்டல அலுவலகம் 2008இல் வெளியிட்ட தர நூல் 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்தது. அதிலும் ஆறு புள்ளிகளுக்கு மாற்று இடமும் குறிப்பிடப்பட்டிருக்கிறது: பெருங்குடல் 19, பெருங்குடல் 20, இதய உறை 8, இதய உறை 9, பித்தப்பை 30, முதுகு மைய நாளத்தின் 26. எடுத்துக்காட்டாக இதய உறை 9 நடுவிரலின் நுனி மையத்தில் என்று ஒரு மரபு சொல்கிறது; நகத்தின் ஓரத்தில், கட்டை விரல் பக்கமாக என்று இன்னொரு மரபு. நீங்கள் ஒன்றைப் படித்திருக்க, தேர்வாளர் மற்றதை எதிர்பார்த்தால் அந்த இடத்தில் நம்பிக்கை ஆட்டங்காணும். அதன்பின் தெரிந்த புள்ளிகளும் நழுவும். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, "நம் மையத்தில் எது?" என்று ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் கேட்டால் "இரண்டு கருத்துகள் உண்டு, நாங்கள் இதைப் பின்பற்றுகிறோம்" என்று சொல்லிவிட்டால் எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல மாட்டார்.

இரண்டாம் படி: 361ஐப் பார்த்து மலைக்காமல் பிரித்துக்கொள்ளுங்கள்

பன்னிரண்டு முதன்மை நாளங்களில் 309 புள்ளிகள், உடலின் முன், பின் மைய நாளங்கள் இரண்டில் 52. இவற்றை வாரத்துக்கு இத்தனை என்று சமமாகப் பங்கிடுவதுதான் பலரும் செய்வது. அது சரிப்பட்டு வராது. இதயம் 9 புள்ளிகள், இதய உறை 9, நுரையீரல் 11. ஒரு மாலையில் ஒன்றை முடித்துவிடலாம். சிறுநீர்ப்பை நாளத்தில் மட்டும் 67. அதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள், அதுவும் கடைசி வாரத்தில் வேண்டாம்.

அந்த 67ஐயும் எண்ணாகப் பார்க்க வேண்டியதில்லை. முதுகில் ஓடும் பகுதியை எலும்பை வைத்துப் படித்தால் பாதிச் சுமை போய்விடும். தலையைக் குனியச் சொன்னால் கழுத்தின் அடியில் துருத்தி நிற்பது பொதுவாக ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரின் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக ஏழாவது மார்பு முள்ளெலும்பு. இடுப்பெலும்பின் உச்சிக்கு நேராக நான்காவது இடுப்பு முள்ளெலும்பு. இந்த மூன்று அடையாளங்களும் விரலுக்குப் பழகிவிட்டால், மூன்றாவது மார்பு முள்ளெலும்புக்குக் கீழே பக்கவாட்டில் 1.5 சுன் (சிகிச்சை பெறுபவரின் கட்டைவிரல் அகலம் ஒரு சுன்) தள்ளி நுரையீரலுக்கான சிறுநீர்ப்பை 13, ஐந்தாவதுக்குக் கீழே இதயத்துக்கான 15, ஒன்பதாவதுக்குக் கீழே கல்லீரலுக்கான 18, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புக்குக் கீழே சிறுநீரகத்துக்கான 23 என்று எண்ணிக்கொண்டே இறங்கலாம். தேர்வறையில் மறந்துபோனாலும் எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்ற தைரியம் வேறு எந்த மனப்பாடத்திலும் கிடைக்காது.

ஆறு வாரங்களில் எல்லா நாளங்களையும் ஒரு சுற்று முடித்துவிடுங்கள். ஏழாவது வாரம் தவறியவற்றுக்கு. எட்டாவது வாரத்தில் புதிதாக எதையும் தொடக்கூடாது.

மூன்றாம் படி: புத்தகத்தை மூடிவைத்துப் படியுங்கள்

திரும்பத் திரும்ப வாசித்தால் "எல்லாம் தெரிகிறது" என்ற உணர்வு வரும். அது ஏமாற்றும் உணர்வு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு எல்லாம் தெரிந்ததுபோல் இருந்து, மறுநாள் காலையில் வெறுமையாக நிற்பதன் காரணம் இதில் இருக்கிறது.

ஒவ்வொரு முதன்மை நாளத்திலும் பூதத்துக்கு ஒன்றாக வரும் பஞ்சபூதப் புள்ளிகள் அறுபதையும் இந்த முறையில்தான் படிக்க வேண்டும். தினமும் காலையில் காபி வருவதற்குள் ஒரு வெற்றுத்தாள் எடுத்து, பன்னிரண்டு வரிசை, ஐந்து கட்டம் போடுங்கள். யின் நாளங்களுக்கு (நுரையீரல், இதயம் போன்றவை) விரல் முனையிலிருந்து மரம், நெருப்பு, நிலம், உலோகம், நீர். யாங் நாளங்களுக்கு (பெருங்குடல், வயிறு போன்றவை) உலோகம், நீர், மரம், நெருப்பு, நிலம். இந்த இரண்டு வரிசைகளை வைத்துக்கொண்டு கட்டங்களை நினைவிலிருந்தே நிரப்புங்கள். தெரியாததை வெற்றாக விட்டுவிடுங்கள், பார்த்து எழுதாதீர்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்துங்கள். முதல் நாள் தாள் சிவந்து கிடக்கும். மூன்றாவது வாரத்தில் ஐந்தாறு இடங்களில்தான் சிவப்பு மீந்திருக்கும். இந்தத் தாள்களைத் தேதி போட்டு அடுக்கி வையுங்கள். "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று மனம் புலம்பும் இரவில் அந்தத் தாள்கட்டை எடுத்துப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வேறு ஆள் வேண்டாம்.

ஒரு பூதம் தனக்கு அடுத்ததைப் பெற்று வளர்க்கிறது என்னும் தாய்–சேய் விதிப்படி ஊக்குவிக்கும் புள்ளி, தணிக்கும் புள்ளி இரண்டும் அதே தாளிலிருந்து வந்துவிடும். நுரையீரல் உலோகம். அதன் தாய் நிலம், ஆகவே ஊக்குவிக்க நுரையீரல் 9. சேய் நீர், ஆகவே தணிக்க நுரையீரல் 5. காரணத்தோடு படித்தால் இருபத்துநான்கு புள்ளிகளையும் தனியாக உருப்போட வேண்டியதில்லை.

நான்காம் படி: தினமும் ஓர் உடம்பைத் தொடுங்கள்

எந்தப் படியை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வயிறு 36ஐயே எடுத்துக்கொள்வோம். கணவரையோ மகளையோ முட்டியை லேசாக மடக்கி உட்காரச் சொல்லுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கக் குழி வயிறு 35. அங்கிருந்து நான்கு விரல் அகலம், அதாவது 3 சுன் கீழே இறங்க வேண்டும். அது யாருடைய நான்கு விரல்? சிகிச்சை பெறுபவருடைய விரல். பதற்றத்தில் தன் கையையே வைத்து அளந்துவிடுவது தேர்வறையில் அடிக்கடி நடக்கும் பிழை. தேர்வாளர் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். பிறகு சரிபார்ப்பு: முன்கால் எலும்பின் விளிம்பில் கீழிருந்து மேலாக விரலை நகர்த்துங்கள். ஒரு மேட்டில் விரல் தட்டி நிற்கும். அந்த மேட்டின் கீழ் விளிம்பு மட்டத்தில், எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே வாருங்கள். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர வேண்டும். சேர்ந்தால், கண்ணை மூடிக்கொண்டு மறு காலில் கண்டுபிடியுங்கள்.

ஒவ்வொரு முக்கியப் புள்ளிக்கும் இப்படி இரண்டு வழிகள் கையில் இருக்கட்டும். இதய உறை 6க்கு முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 12 சுன் என்று வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஆறில் ஒரு பங்கு மேலே வருவது ஒரு வழி. லேசாகக் கையை முட்டி பிடிக்கச் சொன்னால் எழும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே பார்ப்பது மற்றொரு வழி. ஒல்லியானவர், பருத்தவர், வயதானவர் என மூன்று விதமான உடம்புகளில் பழகுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஞாயிறு வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் இருந்தாலே போதும். ஆண்களும் பெண்களும் கலந்த வகுப்பில் தொட்டுப் பழகக் கூச்சம் இருந்தால் பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக இருந்து பழகுங்கள். கூச்சத்தால் பயிற்சி நின்றுவிடக்கூடாது.

பயணத்தையும் விடாதீர்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் உங்கள் முன்கை உங்களோடு இருக்கிறது. நுரையீரல் 5 முதல் 11 வரை, இதயம் 3 முதல் 9 வரை, இதய உறை 3 முதல் 9 வரை மாம்பலத்திலிருந்து எழும்பூர் போவதற்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். உடன் வருபவர்கள் கை வலி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

எழுத்துப் பாடத்துக்கு வீட்டில் அமைதி கிடைக்காதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் நல்ல இடம். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே அங்கே இருக்கிறது. மே மாத வெயிலில் குளிரூட்டிய இடத்தில் உட்கார்ந்து படிப்பதே மனத்துக்குப் பாதி ஓய்வு.

ஐந்தாம் படி: வாய்மொழித் தேர்வில் பாதுகாப்பை முதலில் படியுங்கள்

தத்துவக் கேள்வியில் தடுமாறினால் தேர்வாளர் எடுத்துக்கொடுப்பார். பாதுகாப்புக் கேள்வியில் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. நாளை ஓர் உயிர் நம்மை நம்பிப் படுக்கப் போகிறது.

கர்ப்பிணிகளுக்கு மரபாகத் தவிர்க்கப்படும் பெருங்குடல் 4, மண்ணீரல் 6, சிறுநீர்ப்பை 60, 67, பித்தப்பை 21. ஊசியே போடக்கூடாத வயிறு 17 எனும் முலைக்காம்பு, முன் மைய நாளத்தின் 8 எனும் தொப்புள். மார்பிலும் தோளிலும் ஆழமாக ஊசி இறங்கினால் நுரையீரல் உறையில் காற்று புகும் ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள். ஊசி போட்டதும் ஒருவர் வியர்த்து மயங்கினால் என்ன செய்வீர்கள் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்: ஊசிகளை உடனே எடுத்துவிட வேண்டும், மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும், உடையைத் தளர்த்த வேண்டும், தெளிந்ததும் வெதுவெதுப்பான நீர் கொடுக்கலாம், தெளியாவிட்டால் 108.

இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் சொல்லும்போது வரும் சரளம் வாயைத் திறந்ததும் காணாமல் போகும். வீட்டில் ஒருவரைத் தேர்வாளராக உட்கார வைத்து, கேள்வித் தாளை அவர் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பேரன்கூட இந்த வேலையை மிகக் கண்டிப்பாகச் செய்வான்.

ஆறாம் படி: வீட்டில் சொல்லிவிடுங்கள்

இரண்டு மாதத்துக்கு எந்த வேலையை யார் பார்ப்பது என்று முதல் வாரமே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இரவுச் சமையலைக் கணவர் ஏற்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் இட்லி மாவைக் கடையில் வாங்கினால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள். உறவில் திருமணம் வந்தால் முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டிவிட்டு வாருங்கள். அம்மாக்கள் படிப்பதற்கு நேரம் கேட்பதைச் சலுகை கேட்பதுபோல் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை.

ஏழாம் படி: உடம்பைத் தேர்வுக்கு முன்பே கெடுத்துக்கொள்ளாதீர்கள்

தூக்கத்தில்தான் மூளை அன்று படித்ததை உறுதிப்படுத்திக்கொள்கிறது. விழித்திருந்து கூடுதலாகப் படிக்கும் இரண்டு மணி நேரம், முன்பு படித்ததையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். காபியின் வேகம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மாலை நான்கு மணியோடு நிறுத்திவிடுங்கள்.

பதற்றம் ஏறும்போது நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். இதயம் 7, இதய உறை 6, புருவ மத்தி ஆகியவற்றை விரலால் மெல்ல அழுத்திக்கொள்வதும் நல்லது. பாடமும் ஆயிற்று, சற்று இளைப்பாறலும் ஆயிற்று. ஆனால் தேர்வு வாரத்தில் உங்களுக்கு நீங்களே ஊசி போட்டுப் பார்க்காதீர்கள். கன்றிப்போன கையோடு தேர்வுக்குப் போக வேண்டி வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, மனநலம் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள், "அக்குபங்சர் படிக்கிறவர் மாத்திரை போடலாமா?" என்று யார் கேட்டாலும் தாங்களாக நிறுத்தக்கூடாது. மாற்றம் வேண்டுமென்றால் மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். தேர்வுக் காலத்தில் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

எட்டாம் படி: கடைசி மூன்று நாள்

முதல் நாள், செய்முறை முழுவதையும் தேர்வுபோலவே ஒரு முறை நடத்திப் பாருங்கள்: கை கழுவுவது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது, "இப்போது தொடப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுவது, பயன்படுத்திய ஊசியை அதற்குரிய பெட்டியில் போடுவது வரை. கை நடுங்கினாலும் வரிசை தெரிந்தால் கை தானே வேலை செய்யும். இரண்டாம் நாள், சிவப்பு மைத் தாள்கள் மட்டும். மூன்றாம் நாள் மாலையில் நுழைவுச்சீட்டு, அடையாள அட்டை, வெள்ளைக் கோட்டு, பேனா எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், நீண்ட நகத்தோடு புள்ளியை அழுத்தினால் படுத்திருப்பவர் முகம் சுளிப்பார், அதைப் பார்த்து உங்களுக்கு மனம் கலங்கும்.

தேர்வன்று வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், விரதமெல்லாம் இன்னொரு நாளைக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலமென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் வாசலில் கூடி நின்று கேள்வி கேட்டுக்கொள்ளும் கூட்டத்திலிருந்து விலகி உட்காருங்கள். மனம் மிகவும் அலைந்தால் ஒரு தாளில் பத்து நிமிடம், என்னவெல்லாம் பயமாக இருக்கிறது என்று எழுதிக் கிழித்துப் போடுங்கள். தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதிய பதற்றக்காரர்கள் நல்ல மதிப்பெண் பெற்றதை 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டுகிறது.

உள்ளே புள்ளி மறந்துபோனால் எலும்பைத் தேடுங்கள். எந்த மூட்டு, எந்த மடிப்பு, அங்கிருந்து எத்தனை சுன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்துங்கள். புள்ளி சற்று விலகினாலும், தேடும் முறை சரியாக இருந்ததைத் தேர்வாளர் கேட்டுக்கொண்டிருப்பார். அறவே தெரியாவிட்டால் "இது நினைவில் இல்லை, அடுத்ததைக் கேளுங்கள், ஐயா" என்று சொல்வது, ஏதோ ஓர் இடத்தை அழுத்திக் காட்டுவதைவிட மரியாதையானது.

பதற்றம் கைமீறினால்

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால் அது தேர்வுப் பதற்றத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. புள்ளிகளாலும் மூச்சுப்பயிற்சியாலும் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும், 104 என்ற தமிழக அரசின் எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் ஸ்நேகா அமைப்பின் எண் 044–24640050. அழைக்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு அழையுங்கள்.

முடிவு வந்தபின்

ஏதாவது ஒரு பகுதி போய்விட்டால் ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள். பிறகு மையத்தில் போய், எழுத்தா, செய்முறையா, வாய்மொழியா, எதில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். செய்முறையில் போயிருந்தால் எழுத்துப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டாம். நான்காம் படியை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த முறை நீங்கள் இதுவரை தொட்டுப் பழகாத ஒருவரின் காலில் தொடங்குங்கள்.